வானநூலறிஞர் கெப்ளர்

தோற்றுவாய்

இறைவனை அறிய விழைவோருள் சிலர் மறைநூல்களை ஓதுவர். வேறு சிலர் அவன் படைத்த உலகினை ஆராய்வர். இவ்விரு நெறிகளும் தம்முள் மாறுபட்டன என்று கருதுவாரும் உளர். ஆயினும், கிறித்தவ இறையியல் கற்றுச் சமய போதகராக வேண்டும் என்னும் வேட்கையாற் கல்லூரி புகுந்து, இறுதியில் வானநூலுக்குப் புதிய அடிப்படை வகுத்துத் தந்த பெரியார் ஒருவர் இருந்தார். அவர்தாம் செருமனி நாட்டில் தோன்றிய ஜோகன்னஸ் கெப்ளர் என்பார். கல்லூரியிற் பெற்ற பயிற்சி அவருக்கு உண்மையன்றி வேறெதனையும் ஏலாத உள்ளத்தைத் தந்தது. அவ்வுள்ளமே அவருக்குப் புகழையும் தந்தது. பொறுத்தற்கரிய துன்பங்களையும் தந்தது.

இளமைப் பருவம்

கெப்ளர் 1571ஆம் ஆண்டு டிசம்பர்த் திங்கள் 27ஆம் நாள், தென்மேற்குச் செருமனியிலுள்ள வைல் டெர் ஸ்டாட் என்னும் சிற்றூரிற் பிறந்தார். அவர்தம் பாட்டனார் அவ்வூரின் நகரத் தலைவராக விளங்கியவர். தந்தையாரோ கூலிப்படையிற் சேர்ந்து அயல்நாட்டுப் போர்களிற் கலந்துகொள்பவர். இல்லத்தில் நிலையாகத் தங்காதவர். கெப்ளர் இளைஞராக இருந்தபொழுதே போருக்குச் சென்ற அவர், மீண்டு வரவேயில்லை. தாயார் கத்தரீனாவே குடும்பச் சுமையைத் தாங்கினார். போதாக்குறைக்கு, சிறு பருவத்திற் கண்ட பெரியம்மை நோய் கெப்ளரின் கண்பார்வையை மங்கச் செய்தது. கைகளையும் வலுவிழக்கச் செய்தது.

1577ஆம் ஆண்டில் வானத்திற் பெரியதொரு வால்மீன் தோன்றியது. ஆறு வயது நிரம்பாத மகனைத் தாயார் மேட்டு நிலம் ஒன்றிற்கு அழைத்துச் சென்று அதனைக் காட்டினார். பார்வை குன்றிய அச்சிறுவரே பிற்காலத்தில் விண்ணின் ஒழுங்கை உலகிற்கு எடுத்துக் காட்டுவார் என்று அன்று எவர் நினைத்திருப்பர்?

அப்பகுதியை ஆண்ட வூர்ட்டெம்பர்க் கோமக்கள் லுத்தரன் சபையைச் சார்ந்தவர்கள். வறிய குடும்பங்களிற் பிறந்த அறிவுடைச் சிறுவர்களைத் தேர்ந்து, அரசின் செலவிற் கற்பித்து, அவர்களைச் சமய போதகராக்கும் பள்ளிகளை அவர்கள் நடத்தி வந்தனர். அப்பள்ளிகளே கெப்ளருக்குக் கல்விக்கதவைத் திறந்தன. 1584ஆம் ஆண்டில் அடெல்பெர்க் பள்ளியிலும், 1586ஆம் ஆண்டில் மௌல்பிரான் பள்ளியிலும் அவர் சேர்ந்தார். முன்பு துறவியர் மடங்களாக இருந்த அவ்விடங்களில், வைகறையில் எழுந்து திருப்பாடல் பாடுவதும், இலத்தீன் மொழியிற் பயில்வதும் நாள்தோறும் நிகழ்வனவாகும்.

சிறுவராக இருந்தபொழுதே கெப்ளரின் உள்ளத்தில் ஓர் ஐயம் வேரூன்றியது. ஒருநாள் இளம்போதகர் ஒருவர், கால்வின் என்பாரின் வழிநின்ற பிற கிறித்தவரைக் கடுமையாகத் தாக்கி நெடிய சொற்பொழிவு ஆற்றினார். ஒரே இறைவனை வணங்குவோர் ஒருவரையொருவர் பழிப்பது கெப்ளரின் நெஞ்சை வருத்தியது. அதன்பின் அவர் பிறர் கூற்றை அப்படியே ஏற்பதை விடுத்து, விவிலியத்தைத் தாமே ஓதி ஒப்புநோக்கத் தொடங்கினார்.

கல்லூரிப் பயிற்சி

1589ஆம் ஆண்டில் கெப்ளர் டூபிங்கன் பல்கலைக்கழகத்திற் சேர்ந்தார். அப்பல்கலைக்கழகம் 1477ஆம் ஆண்டில் நிறுவப்பெற்றது. அதனைச் சார்ந்து, வருங்காலப் போதகர்கள் உண்டு உறைந்து பயில்வதற்கென 1536ஆம் ஆண்டில் அமைந்த இறையியல் விடுதி ஒன்று இருந்தது. அவ்விடுதியில் கெப்ளருக்கு இடம் கிடைத்தது. முதல் இரண்டு ஆண்டுகள் மொழி, தருக்கம், கணிதம், வானநூல் முதலிய பொதுக் கலைகளைக் கற்றல் வேண்டும். அவற்றில் தேறியவர் அதன்பின் மூன்று ஆண்டுகள் இறையியல் கற்றல் வேண்டும். இதுவே அங்கு நிலவிய முறை. கிரேக்கமும் எபிரேயமும் கற்று மறைநூலை மூலமொழிகளிலேயே பயில மாணாக்கர் பழக்கப்பட்டனர். சொல்லுக்குச் சொல் பொருளை ஆராய்தல், எதிர்வாதத்தை நேர்மையாக எடுத்துரைத்துப் பின்னர் விடை கூறுதல் ஆகிய பயிற்சிகள் கெப்ளரின் அறிவைக் கூர்மையாக்கின.

அங்குக் கணிதம் கற்பித்த மேஸ்ட்லின் என்னும் ஆசிரியர், உலகே நடுவில் நிற்கின்றது என்னும் தாலமியின் பழங்கொள்கையையே வகுப்பிற் கற்பித்து வந்தார். ஆயினும், ஞாயிறே நடுவில் நிற்கின்றது என்று கோபர்னிக்கஸ் நாட்டிய புதுக்கொள்கையைத் தகுதி வாய்ந்த மாணாக்கர்க்கு மட்டும் விளக்கினார். கெப்ளர் அக்கொள்கையைப் பற்றிக்கொண்டார். மாணவர் சொற்போரில் அதனை ஆதரித்தும் வாதிட்டார். எனினும், வானநூலையே தொழிலாகக் கொள்ள அவர் எண்ணினாரல்லர். 1591ஆம் ஆண்டில் முதுகலைப் பட்டம் பெற்று, விரும்பிய இறையியல் வகுப்பிற் புகுந்தார். ஹாபன்ரெப்பர் என்னும் இறையியல் ஆசிரியர் அவர்பால் மிக்க அன்பு காட்டினார். போதகராகித் திருச்சபைக்குத் தொண்டு செய்வதே கெப்ளரின் ஒரே கனவாக இருந்தது.

எதிர்பாராத அழைப்பு

இறையியற் கல்வி முடிவுறும் தறுவாயில், 1594ஆம் ஆண்டில் அக்கனவு கலைந்தது. ஆஸ்திரிய நாட்டுக் கிராட்ஸ் நகரிலிருந்த புராட்டஸ்டண்டுப் பள்ளியில் கணித ஆசிரியர் ஒருவர் இறந்துபட்டார். அவ்விடத்திற்குத் தக்கார் ஒருவரை அனுப்புமாறு பள்ளியார் டூபிங்கனை வேண்டினர். பல்கலைக்கழகத்தார் கெப்ளரைத் தேர்ந்தனர். அவருக்கோ அதனை ஏற்க உள்ளம் ஒருப்படவில்லை. ஆயினும், பிறர் செலவிற் கற்றவன் பணிக்கப்பட்ட இடத்திற்குச் செல்வதே கடன் என்று எண்ணினார். பின்னர்த் திருப்பணிக்கே திரும்பும் உரிமையை வேண்டிப் பெற்றுக்கொண்டு கிராட்ஸ் நகருக்குச் சென்றார்.

அங்கு முதலாண்டில் அவரிடம் கணிதம் கற்க வந்தோர் மிகச் சிலர். அடுத்த ஆண்டில் ஒருவருமிலர். ஆயினும், 1595ஆம் ஆண்டு ஜூலைத் திங்களில், வகுப்பிற் படம் வரைந்து விளக்கிக்கொண்டிருந்தபொழுது அவர் மனத்திற் புதிய எண்ணம் ஒன்று பளிச்சிட்டது. கோள்களின் இடைவெளிகள் வடிவகணித ஒழுங்கிற்கு உட்பட்டவை என்பதே அது. அவ்வெண்ணத்தை விரித்து 1596ஆம் ஆண்டில் நூலாக வெளியிட்டார். அவர் அன்று வகுத்த விளக்கம் பிழையானது என்பது பின்னர்த் தெளிவாயிற்று. எனினும், இயற்கை கணித ஒழுங்குடையது என்னும் உறுதி அவரை விட்டு நீங்கவில்லை.

போதகராக இயலவில்லையே என்று நெடுநாள் வருந்திய அவர், வானநூல் வாயிலாகவும் இறைவனைப் போற்றலாம் என்று தெளிந்து, அதனை ஆசிரியர் மேஸ்ட்லினுக்கு எழுதினார். மறைநூல் ஒருபுறமும், இயற்கை என்னும் நூல் மற்றொருபுறமும் இறைவனை உணர்த்துகின்றன; பின்னதை ஓதி உணர்த்தும் வானநூலாரும் இறைவனின் பணியாளரே என்பது அவர்தம் கருத்து. கோபர்னிக்கஸின் கொள்கை விவிலியத்தோடு முரண்படாது என்று விளக்கும் பகுதி ஒன்றையும் அவர் தம் நூலிற் சேர்க்க எண்ணினார். அதனை நீக்கிவிடுமாறு ஹாபன்ரெப்பர் அறிவுறுத்தினார். ஆசிரியர் சொல்லை மதித்துக் கெப்ளர் அவ்வாறே செய்தார். ஆயினும், 1609ஆம் ஆண்டில் வெளியிட்ட வேறொரு பெருநூலின் முன்னுரையில் அக்கருத்துகளை அஞ்சாது எழுதினார்.

எட்டுக் கலை வேறுபாடு

கிராட்ஸ் நகரை ஆண்ட கத்தோலிக்கக் கோமகன், புராட்டஸ்டண்டு மக்கள் தம் சபையைத் துறத்தல் வேண்டும், இன்றேல் நாட்டைத் துறத்தல் வேண்டும் என்று ஆணையிட்டான். 1600ஆம் ஆண்டில் விசாரணைக் குழுவின் முன் நின்ற கெப்ளர், தம் சபையை விட மறுத்தார். வீட்டையும் ஊதியத்தையும் இழந்து, மனைவி மக்களுடன் பிராகு நகரை அடைந்தார். அங்கு, வானத்தை நுட்பமாக அளந்து குறிப்பெழுதுவதில் ஒப்பற்றவரான டைக்கோ பிராகிக்கு உதவியாளராக அமர்ந்தார். 1601ஆம் ஆண்டில் டைக்கோ மறையவே, கெப்ளர் பேரரசரின் கணிதராக உயர்ந்தார்.

செவ்வாய்க் கோளின் பாதையைக் காண்பதே அவர் ஏற்ற வேலை. சில நாட்களில் முடிந்துவிடும் என்று எண்ணித் தொடங்கிய அது, பல ஆண்டுகள் நீண்டது. கோள்கள் வட்டத்திலேயே இயங்கும் என்பது ஏறக்குறைய இரண்டாயிரம் ஆண்டுகளாக அறிஞர் கொண்டிருந்த நம்பிக்கை. கெப்ளரும் அவ்வாறே கொண்டு, ஒரே கணக்கை எழுபது முறை திருப்பித் திருப்பிச் செய்து ஒரு பாதையை வகுத்தார். அது பெரும்பாலும் பொருந்தியது. ஓரிடத்தில் மட்டும் டைக்கோவின் அளவினின்று எட்டுக் கலை வேறுபட்டது. ஒரு பாகையை அறுபது கூறாக்கினால் அவற்றுள் ஒன்று ஒரு கலையாகும். நிறைமதியின் குறுக்களவு ஏறக்குறைய முப்பது கலை என்றால், எட்டுக் கலை எத்துணைச் சிறியது என்பது விளங்கும்.

பிறராயின் அவ்வேறுபாட்டைப் புறக்கணித்திருப்பர். டைக்கோ இவ்வளவு பிழைபட அளந்திரார் என்று கெப்ளர் உறுதியாக நம்பினார். ஆதலின், பல்லாண்டு உழைப்பைத் தாமே கைவிட்டு மீண்டும் முதலிலிருந்து தொடங்கினார். முடிவில், செவ்வாய் நீள்வட்டத்திற் செல்கின்றது, ஞாயிறு அந்நீள்வட்டத்தின் ஒரு குவியத்தில் உள்ளது, ஞாயிற்றை அணுகுங்கால் கோள் விரைந்தும் அகலுங்கால் மெதுவாகவும் செல்கின்றது என்னும் உண்மைகளைக் கண்டு, 1609ஆம் ஆண்டில் வெளியிட்டார். எட்டுக் கலையே வானநூலைப் புதுப்பித்தது எனலாம்.

திருவிருந்து மறுக்கப்படுதல்

1611ஆம் ஆண்டில் மனைவியையும் மகன் ஒருவனையும் இழந்த கெப்ளர், மறு ஆண்டில் லின்ட்ஸ் நகரிற் குடியேறினார். அங்கிருந்த லுத்தரன் போதகர், 1577ஆம் ஆண்டில் வகுக்கப்பெற்ற சமய உடன்பாட்டு ஏட்டிற் கையெழுத்திட்டாலன்றித் திருவிருந்தில் இடமில்லை என்றார். கெப்ளர் அவ்வேட்டிற் பெரும்பகுதியை ஏற்றவரே. கிறித்துவின் திருமேனி எங்கும் நிறைந்தது என்னும் கோட்பாட்டை மட்டும் அவரால் ஏற்க இயலவில்லை. மாறுபட்ட கருத்துடைய கால்வின் வழியினரைப் பழிப்பதற்கும் அவர் மனம் இசையவில்லை. அக்கோட்பாட்டை விலக்கிக் கையெழுத்திடுவதாகக் கூறினார், போதகர் உடன்படவில்லை.

உள்ளொன்று வைத்துப் புறமொன்று எழுதியிருந்தால் கெப்ளருக்கு ஒரு துன்பமும் நேர்ந்திராது. அவ்வாறு செய்ய அவர் இசைந்தாரல்லர். மேலிடத்திற்கு முறையிட்டும் பயனில்லை. இவ்வையத்திற்குரிய கருத்தினாலேயே, தாம் பயின்ற டூபிங்கனில் ஆசிரியப் பதவி பெறும் வாய்ப்பும் 1611ஆம் ஆண்டில் அவருக்கு மறுக்கப்பட்டிருந்தது. அன்புமிக்க ஆசிரியர் ஹாபன்ரெப்பரும் 1619ஆம் ஆண்டில் அவர்தம் முறையீட்டை ஏற்க இயலாது என்று கைவிரித்தார். போதகராக விரும்பியவர், தம் சபையின் திருவிருந்திலேயே அமர இயலாதவரானார். ஆயினும், சபையை அவர் பழிக்கவுமில்லை. அதனை விட்டு விலகவுமில்லை.

அன்னையின் வழக்கு

இதனிடையே, 1615ஆம் ஆண்டில் அவர்தம் அன்னையார் சூனியக்காரி என்று குற்றஞ்சாட்டப்பட்டார். அந்நாளில் அக்குற்றத்திற்குத் தண்டனை பெரும்பாலும் உயிரிழப்பே. 1620ஆம் ஆண்டில் எழுபது வயது கடந்த அம்மூதாட்டி சிறையிடப்பட்டார். கெப்ளர் தம் வேலைகளை நிறுத்திவிட்டுத் தாய்நாடு சென்றார். சாட்சிகளின் கூற்றுகளை ஒவ்வொன்றாக ஆராய்ந்து, முரண்பாடுகளை எடுத்துக்காட்டி மறுப்புரை எழுதினார். சித்திரவதைக் கருவிகளைக் காட்டி அச்சுறுத்தியபொழுதும் அம்மூதாட்டி பொய்யாகக் குற்றத்தை ஒப்புக்கொள்ளவில்லை. ஏறக்குறைய பதினான்கு திங்கள் சிறையிலிருந்தபின், 1621ஆம் ஆண்டில் விடுதலை பெற்றார். மறு ஆண்டிலேயே இயற்கை எய்தினார். மகனின் உறுதி யாரிடமிருந்து வந்தது என்பதற்கு இந்நிகழ்ச்சியே சான்றாகும்.

இறுதிக் காலம்

இத்துணை இடர்களுக்கிடையிலும் கெப்ளரின் ஆராய்ச்சி தளரவில்லை. கோள் ஒருமுறை ஞாயிற்றைச் சுற்றிவரும் காலத்திற்கும், ஞாயிற்றினின்று அதன் தொலைவிற்கும் உள்ள நிலையான தொடர்பை 1618ஆம் ஆண்டிற் கண்டார். 1619ஆம் ஆண்டில் அதனை வெளியிட்டார். கோள்களின் நிலையைக் கணிப்பதற்குரிய அட்டவணைகளை 1627ஆம் ஆண்டில் அச்சிட்டார். தமக்கு வரவேண்டிய பழைய ஊதியத்தைப் பெறும் பொருட்டு ரேகன்ஸ்பர்க் நகருக்குச் சென்றவர், அங்கு நோய்வாய்ப்பட்டு 1630ஆம் ஆண்டு நவம்பர்த் திங்கள் 15ஆம் நாள் உயிர் நீத்தார். பின்னர் நிகழ்ந்த போரில் அவர்தம் கல்லறையும் அழிந்தொழிந்தது.

முடிவுரை

கெப்ளர் வகுத்த விதிகளை அடியொற்றியே நியூட்டன் ஈர்ப்பு விதியை நிறுவி, 1687ஆம் ஆண்டில் வெளியிட்டார். 2009ஆம் ஆண்டில் விண்ணிற் செலுத்தப்பட்டு 2018ஆம் ஆண்டு வரை பணிபுரிந்த தொலைநோக்கி ஒன்றிற்குக் கெப்ளரின் பெயரே சூட்டப்பட்டது. பிற விண்மீன்களைச் சுற்றும் 2,600க்கு மேற்பட்ட கோள்கள் அதனால் அறியப்பட்டன.

கெப்ளர் மேடையேறிச் சமயம் போதிக்கவில்லை. எனினும், தாம் கற்ற சமயக் கல்வியை அவர் வீணாக்கவுமில்லை. மனம் ஒப்பாத ஒரு கோட்பாட்டிற்குக் கையெழுத்திட மறுத்த நேர்மையும், எட்டுக் கலை வேறுபாட்டைப் புறக்கணிக்க மறுத்த நேர்மையும் ஒன்றே. முன்னது அவரிடமிருந்து திருவிருந்தைப் பறித்தது. பின்னது உலகிற்கு வானத்தின் ஒழுங்கை அளித்தது. சிறு பிழைதானே என்று உண்மையை விட்டுக்கொடாத உள்ளமே கற்றதனாற் பெறும் பெரும்பயன் என்பதை அவர்தம் வாழ்க்கை இனிது விளக்குகின்றது.