காவலூர் கண்ட வைணு பாப்பு

ஜவ்வாது மலையில், ஆலங்காயத்தை அடுத்த காவலூரில், வானை நோக்கி நிற்கும் தொலைநோக்கிகளை நம்மில் பலர் கண்டிருக்கலாம். அவை அங்கு எழக் காரணமாயிருந்தவர் வானியல் அறிஞர் வைணு பாப்பு ஆவார்.

1927 ஆகஸ்டு 10ஆம் நாள் சென்னையில் பிறந்தார். தந்தையார் ஐதராபாத் நிஜாமியா வானாய்வுக்கூடத்தில் பணிபுரிந்தவர். எனவே மைந்தருக்கு இளமையிலேயே தொலைநோக்கி பழகிய பொருளாயிற்று. உதவித்தொகை பெற்று அமெரிக்காவின் ஹார்வர்டு பல்கலைக்கழகம் சென்றவர், 1949இல் ஒரு வால்மீனைக் கண்டறிந்தார். பாப்பு–பாக்–நியூகர்க் என அது பெயர் பெற்றது. 1957இல் வெளியான வில்சன்–பாப்பு விளைவு, விண்மீன்களின் உண்மையான ஒளித்திறனை அறிய வழி காட்டியது.

புகழோடு அயல்நாட்டிலேயே தங்கியிருக்கலாம். அவர் தாயகம் திரும்பினார். 1960இல் கோடைக்கானல் வானாய்வுக்கூடத்தின் இயக்குநரானார். இரவு வானை ஆராயக் காவலூரைத் தேர்ந்தார். ஆனால் கருவி? கோடைக்கானல் கூடத்திலேயே ஒரு 38 சென்டிமீட்டர் தொலைநோக்கி உருவாயிற்று. காவலூரில் 1968இல் பணி தொடங்கியது அதைக் கொண்டே.

அவ்வேலையின் அருமையைப் பட்டறை அறிந்தோரே உணர்வர். கண்ணாடியைத் தேய்த்துச் சோதித்து, மீண்டும் தேய்க்க வேண்டும். ஒளியலையின் நீளத்தில் ஒரு சிறு பங்கு பிழைத்தாலும் பிம்பம் கெடும். புவி சுழல்வதால், 23 மணி 56 நிமிடத்திற்கு ஒரு சுற்று என்ற கணக்கில் தொலைநோக்கி திரும்ப வேண்டும். கடைசல் இயந்திரத்தில் கடைந்த அச்சோ, வெட்டிய பற்சக்கரமோ மயிரிழை பிசகினால், படத்தில் விண்மீன் புள்ளியாகாது, கோடாகும்.

1972இல் ஜெர்மனியிலிருந்து ஒரு மீட்டர் தொலைநோக்கி வந்தது. அத்துடன் பாப்பு நிறைவடையவில்லை. 2.34 மீட்டர் கண்ணாடியுடைய பெரிய தொலைநோக்கியை நம் நாட்டிலேயே செய்து முடிக்கத் திட்டமிட்டார். கண்ணாடிக் கட்டி வெளிநாட்டிலிருந்து வந்தது. அதைத் தேய்த்து உருவாக்கியவர்கள் நம்மவர்கள்.

1979இல் அவர் அனைத்துலக வானியல் ஒன்றியத்தின் தலைவரானார். ஆனால் 1982 ஆகஸ்டு 19ஆம் நாள் மியூனிக் நகரில் மறைந்தார். அப்பெருங்கருவி வானைக் காண்பதைக் காண அவருக்குக் கொடுத்துவைக்கவில்லை. 1986இல் அது நாட்டுக்கு அர்ப்பணிக்கப்பட்டபோது, கருவிக்கும் கூடத்திற்கும் அவர் பெயரே சூட்டப்பெற்றது.

மாணவ நண்பர்களே! நம் ஆய்வகத்தில் ஒரு கருவி பழுதுற்றால், புதியது வேண்டும் என விண்ணப்பம் எழுதுமுன், அதைப் பிரித்துப் பார்க்கும் துணிவு நமக்கு வர வேண்டும். காவலூர் மலை நமக்குச் சொல்லும் பாடம் இதுவே.