இடையன்குடிக் கால்டுவெல்

அயர்லாந்திலே 1814-ஆம் ஆண்டு ஏழைப் பெற்றோருக்குப் பிறந்து, கிளாஸ்கோவில் வளர்ந்த ஒருவர், திருநெல்வேலிச் சீமையின் தேரிக்காட்டில் உட்கார்ந்து, தமிழும் தெலுங்கும் கன்னடமும் ஒரு தாய் வயிற்றுப் பிள்ளைகள் என்பதற்குச் சான்று தேடினார். அவர்தான் ராபர்ட் கால்டுவெல்.

1838 சனவரியில் சென்னையில் கப்பலிலிருந்து இறங்கினார். வந்தது மதம் பரப்ப. அதை மறைக்க வேண்டியதில்லை. 1841-இல் கால்நடையாகவே தெற்கே புறப்பட்டு இடையன்குடி போய்ச் சேர்ந்தார். அந்த ஊர்தான் பிறகு அவருக்கு வீடு.

அந்தக் காலத்தில் வடமொழி வல்ல வெள்ளைக்காரப் பெரும்புள்ளிகள் என்ன சொன்னார்கள் தெரியுமா? இந்நாட்டு மொழிகள் எல்லாமே சமஸ்கிருதத்தின் பிள்ளைகள் என்றார்கள். பண்டிதர்களும் தலையாட்டினார்கள். தெலுங்கிலும் மலையாளத்திலும் வடசொல் குவிந்து கிடக்கிறதே, இன்னும் என்ன சாட்சி வேண்டும் என்பது அவர்கள் வாதம்.

சென்னையில் கலெக்டராக இருந்த எல்லிஸ் 1816-லேயே இதை மறுத்து எழுதிவிட்டார். வழி திறந்த பெருமை எல்லிசுக்கே உரியது. ஆனால் இலக்கணம் முழுவதையும் அக்குவேறு ஆணிவேறாகப் பிரித்து ஒப்பிட்டுக் காட்டியவர் கால்டுவெல். அந்த ஒப்பிலக்கண நூல் 1856-இல் இலண்டனில் வெளிவந்தது.

நூலின் அடிப்படை எளிது, தோழர்களே! சொல்லைக் கடன் வாங்கலாம். பக்கத்து வீட்டில் பாத்திரம் வாங்குவதில்லையா, அதுபோல. நான், நீ என்று சொல்லும் முறையையும், வேற்றுமை உருபையும், வினை முடியும் விதத்தையும் அவ்வளவு எளிதில் எவரும் கடன் வாங்குவதில்லை. அங்கேதான் பார்க்க வேண்டும் உறவை!

நாமே பார்க்கலாமே. நமக்கு ஒன்று, இரண்டு, மூன்று. கன்னடத்தாருக்கு ஒந்து, எரடு, மூரு. வடமொழிக்கோ ஏகம், த்வி, த்ரி. மரத்தை, மரங்களை என்று ஒருமைக்கும் பன்மைக்கும் ஒரே 'ஐ' போடுகிறோம். வடமொழியில் உருபே மாறிவிடும். கேட்பவரையும் சேர்த்தால் நாம், சேர்க்காவிட்டால் நாங்கள். இந்தப் பாகுபாடு வடமொழியில் இல்லை. அங்கே உள்ள இருமை எண் இங்கே இல்லை.

ஒலி மாறினாலும் ஒழுங்காக மாறுகிறது. பால், பல், பத்து என்பவை கன்னடத்தில் ஹாலு, ஹல்லு, ஹத்து. பழைய கன்னடத்தில் அங்கும் பகரம்தான் இருந்தது.

இன்னும் அழுத்தமான சான்று, விதிக்கு அடங்காத சொற்கள். நாம் 'வா' என்கிறோம். ஆனால் வருகிறான், வந்தான் என்கிறோம். 'தா' என்கிறோம்; தருகிறான், தந்தான் என்கிறோம். நெடில் ஏன் குறிலாயிற்று, இடையில் 'ரு' எங்கிருந்து வந்தது? கன்னடத்தைக் கேளுங்கள்: பா, பருத்தானெ, பந்தனு, தா, தருத்தானெ, தந்தனு. அதே கோணல், அதே இடத்தில்! சந்தைக்குப் போய்ப் பொருள் வாங்குகிறவன் ஓட்டையையும் அதே அளவில் கேட்டா வாங்குவான்? பரம்பரைச் சொத்தென்றால்தான் ஓட்டையும் சேர்ந்து வரும்.

'திராவிட' என்ற பெயரைக் கூட அவர் வடமொழி நூல்களிலிருந்தே எடுத்துக்கொண்டார். வேடிக்கைதான்! 1875-இல் நூலைத் திருத்தி விரித்து வெளியிட்டபோது தோடர், கோத்தர், கோண்டர் முதலிய மலைவாழ் மக்களின் மொழிகளையும் சேர்த்துப் பன்னிரண்டு மொழிகளைக் கணக்கிட்டார். இன்று அந்தக் கணக்கு இருபதைத் தாண்டிவிட்டது.

அவர் சொன்னதெல்லாம் வேதவாக்கு அல்ல. நம் மொழிகளைச் சித்தியக் குடும்பத்தோடு முடிச்சுப் போட்டார், அது நிலைக்கவில்லை. திருநெல்வேலிச் சாணார் பற்றி 1849-இல் அவர் எழுதிய சிறுநூல் அம்மக்களை இழிவுபடுத்திற்று. பின்னாளில் அவர்கள் கொதித்தெழுந்தார்கள், அதில் நியாயமும் இருந்தது. மொழியை அளந்த நிதானம் மனிதரை அளந்தபோது அவருக்கு இல்லாமற்போயிற்று.

1877-இல் பிஷப் ஆனார். 1891 ஆகஸ்டு 28-இல் கொடைக்கானலில் காலமானார். இடையன்குடியில் அவர் எழுப்பிய கோயிலிலேயே அவரை அடக்கம் செய்தார்கள். சென்னைக் கடற்கரையில் அவருக்குச் சிலை எழுந்தது 1968-இல், உலகத் தமிழ் மாநாட்டின்போது.