இரு கரைகளுக்கு நடுவே ஆனந்தரங்கர்

(இரண்டாம் ஆண்டு பி.எஸ்ஸி., கணிதவியல்)

கடல் கடந்து வாணிகம் செய்தல் தமிழர்க்குப் புதிதன்று. கொற்கையையும் பூம்புகாரையும் பற்றி நாம் மேடைதோறும் பெருமையுடன் பேசுகிறோம். ஆனால் அக்கால வணிகர் ஒருவருடைய கணக்கேடுகூட நம் கைக்கு வரவில்லை. கடலுக்கு அப்பாலிருந்து வாங்கியவரின் முகத்தைக் காணாமலே அவர் விருப்பம் அறிந்து சரக்கு அனுப்பி, அதனால் உயர்ந்து, அதனாலேயே தளர்ந்த தமிழர் ஒருவருடைய வாழ்க்கை மட்டும் அவர் எழுத்திலேயே நமக்குக் கிடைத்திருக்கிறது. அவர்தாம் புதுச்சேரியின் தலைமைத் துபாஷாக விளங்கிய ஆனந்தரங்கப் பிள்ளை.

அவரை நான் தேடிப் போனதற்குச் சிறியதொரு காரணம் உண்டு. என் அக்காள் பனையோலைப் பெட்டி முடைபவள். சென்ற ஆண்டு இணையச் சந்தை ஒன்றின் வழியாக அவளுடைய பெட்டிகள் ஆறு பிரான்சு நாட்டின் லியோன் நகருக்குச் சென்றன. அவற்றுள் நான்கு திரும்பி வந்தன. உடன் வந்த காரணம் பிரெஞ்சில் இரண்டே வரி. வீட்டில் கல்லூரிப் படி ஏறியவன் நான் ஒருவனே ஆகையால் அக்காள் அதை என்னிடம் நீட்டினாள். எனக்கும் ஒன்றும் விளங்கவில்லை. கைப்பேசியின் உதவியால் பிறகு பொருள் தெரிந்தது. பெட்டியின் உயரமும் அகலமும் பிரெஞ்சு விளம்பரத்தில் இடம் மாறி அச்சாகியிருந்தன. குற்றம் ஓலையில் இல்லை, மொழியில் இருந்தது. நமக்கு முன் பிரெஞ்சுக்காரருக்கு விற்ற நம்மவர் எப்படித்தான் விற்றார்களோ என்று அக்காள் அன்று கேட்டாள். அதற்கு விடை தேடிக் கல்லூரி நூலகத்திற்குச் சென்றேன்.

இளமை

ஆனந்தரங்கர் 1709ஆம் ஆண்டு மார்ச்சு 30ஆம் நாள் சென்னையை அடுத்த பெரம்பூரில் பிறந்தார். தந்தையார் திருவேங்கடம் பிள்ளை ஒரு வணிகர். அவருடைய மைத்துனர் நைனியப்ப பிள்ளை புதுச்சேரியில் பிரெஞ்சுக் கம்பெனியின் தலைமைத் தரகராக இருந்தார். அவர் அழைப்பின் பேரில் குடும்பம் புதுச்சேரிக்குக் குடிபெயர்ந்தது.

துபாஷ் என்றால் இருமொழியாளர் என்று பொருள். ஆயினும் அவர் வெறும் மொழிபெயர்ப்பாளர் அல்லர். கம்பெனிக்கு வேண்டிய துணியைச் சேர்த்துத் தருவதும், வணிகர்க்குப் பிணை நிற்பதும், வழக்குப் பேசுவதும் அவர் பொறுப்பே.

அப்பதவி எத்துணை நிலையற்றது என்பதை ஆனந்தரங்கர் சிறுவயதிலேயே கண்டார். 1716இல் கவர்னர் எபேர் நைனியப்ப பிள்ளையைச் சிறையில் அடைத்தார். மறு ஆண்டில் அவர் சிறையிலேயே உயிர் நீத்தார். அவர் மகன் குருவப்ப பிள்ளை பிரான்சுக்கே கப்பலேறிச் சென்று நீதி கேட்டார். அங்குச் சிறப்புப் பட்டம் பெற்று மீண்டு, தந்தையின் பதவியிலும் அமர்ந்தார். ஒரு கவர்னரின் கோபத்தால் போன பதவி பாரிசில் கிடைத்த தயவால் திரும்பியது! உழைப்பும் நேர்மையும் இவ்விரண்டுக்கும் நடுவில் எங்கே நின்றன என்பதை நாமே எண்ணிக் கொள்ளலாம்.

துணியும் சந்தையும்

1726இல் தந்தையார் மறைந்தபோது ஆனந்தரங்கருக்கு வயது பதினேழு. கவர்னர் லெனுவார் அவருடைய அறிவாற்றலைக் கண்டு பரங்கிப்பேட்டைத் தொழிற்கூடத்தின் பொறுப்பை அளித்தார். அங்கு நீலத் துணி தயாராயிற்று. ஆர்க்காட்டிலும் லாலாப்பேட்டையிலும் அவர் சொந்தக் கிடங்குகள் அமைத்து, ஐரோப்பியச் சரக்கைக் கொடுத்து உள்நாட்டுச் சரக்கைப் பெற்றார்.

அக்கால வாணிகம் நடந்த முறையை அறிவது நமக்குப் பயன் தரும். கம்பெனி வணிகரோடு ஒப்பந்தம் செய்து முன்பணம் கொடுக்கும். வணிகர் அதை ஊர் ஊராகத் தறிகாரர்க்குப் பகிர்ந்தளிப்பர். நெய்த துணி வெளுக்கப்பட்டுக் கம்பெனிப் பண்டகசாலைக்கு வரும். அங்கு நீளம், அகலம், நெருக்கம் ஆகியவற்றை மாதிரித் துணியோடு ஒப்பிட்டுத் தரம் பிரிப்பர். தரம் குறைந்தால் விலையைக் குறைப்பர், அல்லது துணியைத் திருப்பிவிடுவர். தேறியது மூட்டையாகிக் கப்பலேறும். பல மாதப் பயணத்திற்குப் பின் பிரான்சின் லொரியான் துறைமுகத்தில் ஏலத்தில் விற்கப்படும். நெய்தவன் வாங்கியவளைக் காணான். வாங்கியவள் நெய்தவன் பெயரையும் அறியாள்.

வேடிக்கை என்னவெனில், நம் நாட்டு வண்ணத் துணியைப் பிரெஞ்சுப் பெண்டிர் மிக விரும்பியதாலேயே, உள்நாட்டு நெசவைக் காக்கும் பொருட்டு 1686இல் பிரெஞ்சு அரசு அதற்குத் தடை விதித்தது. 1759 வரை அத்தடை நீடித்தது. ஆனந்தரங்கர் வணிகம் செய்த காலம் ஏறத்தாழ முழுவதும் தடைக்காலமே. ஆயினும் துணி கள்ளத்தனமாக நுழைந்துகொண்டுதான் இருந்தது. இன்னொன்றையும் மறைத்தல் ஆகாது. புதுச்சேரி நீலத் துணியில் ஒரு பகுதி மேற்கு ஆப்பிரிக்காவிற்குச் சென்று மனிதரை அடிமைகளாக வாங்குவதற்கு விலைப்பொருளாயிற்று. தன் கைத்துணி எங்கே சென்று எதற்கு விலையாகிறது என்பதைத் தறிகாரன் அறிய வழியே இருக்கவில்லை.

இதே காலத்தில் நம் மாவட்டக் கரையில் நிகழ்ந்ததையும் நினைத்துப் பார்க்கலாம். 1741ஆம் ஆண்டு ஆகஸ்டு 10ஆம் நாள் குளச்சலில் மார்த்தாண்ட வர்மரின் படை டச்சுக் கம்பெனியை முறியடித்தது. நாம் காணும் வெற்றித்தூண் அதற்குச் சான்று. மிளகு வாணிகத்தை அம்மன்னர் தம் அரசின் கையிலேயே வைத்துக்கொண்டார். சோழ மண்டலக் கரை வணிகர்க்கோ அத்தகைய படைத்துணை இல்லை. அவர்களுக்கு இருந்தவை ஒப்பந்தச் சீட்டும் நாவன்மையுமே.

உச்சியும் சரிவும்

1742இல் டூப்ளே கவர்னராக வந்தார். தலைமைத் துபாஷ் கனகராய முதலியார் 1746இல் காலமானபின், 1747இல் அப்பதவி ஆனந்தரங்கரைச் சேர்ந்தது. நவாபுகளும் நிசாம் குடும்பத்தாரும் போரிட்ட அந்நாட்களில் டூப்ளேயின் காதும் வாயுமாக அவர் திகழ்ந்தார். பட்டங்களும் விருதுகளும் குவிந்தன. சொந்தக் கப்பலும் வைத்திருந்தார். அவர் கட்டிய மாளிகையின் கீழ்த்தளம் தமிழர் வீட்டு அமைப்பிலும் மேல்தளம் பிரெஞ்சுத் தூண்களோடும் அமைந்தது. அவர் வாழ்வும் அப்படியே இரு தளங்கள் கொண்டதன்றோ!

ஆனால் டூப்ளேயின் மனைவியார் புதுச்சேரியிலேயே பிறந்து தமிழ் அறிந்தவர். இரு மொழி அறிந்த இன்னொருவர் கவர்னரின் வீட்டிலேயே இருந்ததால், துபாஷின் வழியன்றியும் செய்தி போகவர வழி பிறந்தது. அம்மையாரின் பகைமை அவருக்குத் தீராத தலைவலியாயிற்று. 1754இல் டூப்ளே திருப்பி அழைக்கப்பட்டார். தாம் செலவிட்ட சொந்தப் பணத்தைக் கம்பெனியிடமிருந்து பெற இயலாமலே 1763இல் அவர் வறுமையில் இறந்தார். ஆனந்தரங்கரோ 1756இல் பதவி இழந்தார். பிணியும் மனக்கவலையும் அவரை வாட்டின. ஆங்கிலேயர் முற்றுகையிட்டிருந்த புதுச்சேரி 1761 ஜனவரியில் வீழ்ந்தது. அதற்குச் சில நாட்களுக்கு முன்னர் அவர் கண்மூடினார். அவர் குறையற்ற மனிதர் அல்லர். பட்டத்தில் ஆசையும், குலப்பெருமையும், நாள் நட்சத்திரத்தில் அளவு மீறிய நம்பிக்கையும் அவரிடம் இருந்தன. அவற்றையும் அவர் எழுத்திலிருந்தே நாம் அறிகிறோம்.

எஞ்சியது

1736 செப்டம்பர் 6ஆம் நாள் தொடங்கி ஏறத்தாழ இருபத்தைந்து ஆண்டுகள் அவர் நாட்குறிப்பு எழுதினார். கப்பல் வந்தது, துணி விலை, எவர் என்ன பேசினார், எவர் கடன் தரவில்லை, ஊரில் என்ன வதந்தி என அனைத்தும் பேச்சுத் தமிழிலேயே பதிவாயின. ஏறத்தாழ ஒரு நூற்றாண்டு உறங்கிக் கிடந்த அவ்வேடுகளை 1846இல் கல்லுவா மொம்பிரேன் என்னும் பிரெஞ்சுக்காரர் கண்டெடுத்தார். 1904 முதல் 1928 வரை அவை பன்னிரண்டு தொகுதிகளாக ஆங்கிலத்தில் வெளிவந்தன. எழுத்தாளர் பிரபஞ்சன் இவற்றைக் கொண்டு நாவல்கள் படைத்தார். அவற்றுள் ஒன்றான ‘வானம் வசப்படும்’ 1995இல் சாகித்திய அகாதெமி பரிசு பெற்றது. பதவி, பட்டம், கப்பல் யாவும் போயின. தம் கையால் எழுதி வைத்தது மட்டும் நின்றது.

இன்று துபாஷ் இல்லை. அவ்விடத்தில் இணையச் சந்தையும் மொழிபெயர்ப்புப் பொறியும் உள்ளன. ஆயினும் அடிப்படை மாறிவிடவில்லை. பிரான்சில் விற்கும் பொருளின் விவரம் பிரெஞ்சில் இருத்தல் வேண்டும் என்பது 1994ஆம் ஆண்டுச் சட்டம். இணையத்தில் வாங்கியவர் பொருள் கைக்கு வந்த 14 நாட்களுக்குள் காரணம் கூறாமலே வாங்கியதை விலக்கிக்கொள்ளலாம் என்பது ஐரோப்பிய விதி. 2021 ஜூலை முதல், எவ்வளவு சிறிய மதிப்புள்ள பொதியாயினும் ஐரோப்பிய ஒன்றியத்திற்குள் நுழையும் சரக்கிற்கு மதிப்புக் கூட்டு வரி உண்டு. பண்டகசாலையில் துணியை அளந்து ஒதுக்கிய காலத்தைப் போலவே இன்றும் அளவுகோல் அடுத்த கரையில்தான் இருக்கிறது. கதவைத் திறப்பவரும் அடைப்பவரும் நாம் அல்லர்.

அப்படியாயின் நம் கையில் இருப்பது யாது? ஆனந்தரங்கர் காட்டும் விடைகள் இரண்டு. வாங்குவோர் மொழியைப் பிறர் வாய்க்கு விட்டுவிடாமல் நாமே கற்றல் ஒன்று. நடந்ததை நாள்தோறும் எழுதி வைத்தல் மற்றொன்று. இதைப் படித்தபின் நாற்பது பக்க நோட்டு ஒன்று வாங்கி அக்காளிடம் கொடுத்தேன். பெட்டியின் உயரம், அகலம், அனுப்பிய நாள், திரும்பிய காரணம் எல்லாம் அதில் தமிழில் ஏறுகின்றன. பக்கத்திலேயே அவற்றுக்குரிய பிரெஞ்சுச் சொற்களை நான் எழுதி வருகிறேன். இதுவரை முப்பத்திரண்டு சொற்கள் சேர்ந்துள்ளன. வரும் விடுமுறைக்குள் அது நூறாக வேண்டும் என்பது எங்கள் இருவரின் ஆசை.

தோழர்களே! நம்மில் பலர் வீட்டிலும் தறியோ, ஓலையோ, கயிறோ, வடசேரிக் கோயில் நகை வேலையோ இருக்கும். அவ்வீட்டிற்கு இன்று வேண்டிய துபாஷ் நாமாகவே இருப்போமாக!