விமானச் சிற்பி சிட்னி காம்

இங்கிலாந்தில் தேம்ஸ் ஆற்றின் கரையில் விண்ட்சர் என்னும் ஊர் உள்ளது. அரச குடும்பத்தாரின் பழம்பெருங் கோட்டையால் பெயர் பெற்றது அவ்வூர். ஆற்றின் மறுகரையில், செல்வர் வீட்டுப் பிள்ளைகள் தங்கிப் பயிலும் ஈட்டன் பள்ளி இருக்கிறது. கோட்டைக்கும் பள்ளிக்கும் உறவில்லாத எளிய தச்சர் ஒருவர் வீட்டில், 1893ஆம் ஆண்டு ஆகஸ்டுத் திங்கள் 5ஆம் நாள் சிட்னி காம் பிறந்தார். பெற்றோருக்குப் பன்னிரண்டு மக்கள். அவர்களுள் இவரே மூத்தவர்.

பெருங்குடும்பத்தின் தலைமகனுக்கு நெடுநாள் படிக்கும் வாய்ப்பு ஏது? ஊரில் இருந்த இலவசப் பள்ளியில் சில ஆண்டுகள் பயின்றபின், 1908இல் தந்தையின் தொழிலுக்கே பயிற்சியாளராகச் சேர்ந்தார். உளியும் இழைப்புளியும் அவர் கைக்கு வந்தன. ஆனால் அவர் கண்ணும் கருத்தும் வானத்தில் இருந்தன. அமெரிக்காவில் ரைட் உடன்பிறந்தார் இருவரும் முதன்முதலாக விமானத்தில் பறந்து ஐந்தே ஆண்டுகள் கழிந்திருந்த காலம் அது. பறத்தல் என்னும் சொல்லைக் கேட்டாலே இளைஞர் உள்ளம் துள்ளிய அந்நாளில், சிட்னியும் அவர் தம்பியரும் மரச்சட்டத்தாலும் துணியாலும் சிறு மாதிரி விமானங்கள் செய்தனர்.

விளையாட்டாகத் தொடங்கிய வேலை விரைவில் வருவாய் தந்தது. ஈட்டன் கடைத்தெருவில் ஒரு கடைக்காரர் அம்மாதிரிகளை வாங்கி விற்றார். கடைக்குக் கொடுப்பதைவிடப் பள்ளி மாணவரிடமே நேரே விற்றால் விலை கூடுதலாகக் கிடைக்கும் என்பதைச் சகோதரர்கள் கண்டுகொண்டனர். கடைக்காரருக்கும் தெரியக்கூடாது, பள்ளித் தலைவர்களுக்கும் தெரியக்கூடாது. ஆகவே இருட்டிய பிறகு ஆற்றைக் கடந்து சென்று, மாணவர் தங்கும் விடுதிக்கு விமானங்களைக் கமுக்கமாகக் கொண்டு சேர்த்தனர். போற்றத்தக்க செயல் என்று இதனைக் கூற இயலாது. ஆயினும் தம் கைவேலையின் மதிப்பை அத்தச்சர் மகன் நன்கு உணர்ந்திருந்தார் என்பது இதனால் விளங்கும். 1912ஆம் ஆண்டுக்குள் ஊரில் ஒரு மாதிரி விமானக் கழகம் தோன்றியது. ஓர் ஆளைச் சுமக்கக்கூடிய சறுக்கு விமானம் ஒன்றையும் அவரும் நண்பர்களும் கட்டினர்.

முதல் உலகப் போர் மூள்வதற்குச் சற்று முன் புரூக்லண்ட்ஸ் என்னுமிடத்தில் இருந்த மார்ட்டின்சைடு விமானத் தொழிற்சாலையில் காம் தச்சராக அமர்ந்தார். போர் முடிவதற்குள் பட்டறையிலிருந்து வரைபட அறைக்கு உயர்ந்தார். கல்லூரிப் பட்டம் எதுவும் அவரிடம் இல்லை. எந்தச் சட்டம் எவ்வளவு பாரம் தாங்கும், எந்த மூட்டு எங்கே முறியும் என்பதை மரத்தைத் தொட்டுத் தொட்டுக் கற்றவர் அவர். 1923இல் கிங்ஸ்டன் நகரில் இருந்த ஹாக்கர் நிறுவனத்தில் சேர்ந்தார். அங்கே அவர் வடிவமைத்த முதல் விமானம் சிக்னெட்; இருவர் ஏறிச் செல்லும் அவ்விமானத்தின் வெற்று எடை ஏறக்குறைய 170 கிலோதான். எடையைக் குறைப்பதே விமானக் கலையின் உயிர் என்பது அவர் கொள்கை. தேவையற்ற ஓர் ஆணியைக்கூட அவர் பொறுக்கமாட்டார். உடன் பணிபுரிந்த இளைஞர்கள் அவருடைய கடுஞ்சொல்லுக்கு அஞ்சி நடுங்கினர். வரைபலகையருகே அவர் வந்து நின்றால் அன்று யாருக்கோ கேடுகாலம் என்று எண்ணினர். ஆயினும் அவரை விட்டு விலகிச் சென்றோர் சிலரே.

1925இல் காம் தலைமை வடிவமைப்பாளர் ஆனார். இரட்டைச் சிறகு விமானங்களே வழங்கிய அக்காலத்தில் ஹார்ட், பியூரி முதலிய அவர் படைப்புகள் பிரிட்டிஷ் விமானப் படையை நிரப்பின. 1935ஆம் ஆண்டு நவம்பர் 6ஆம் நாள் ஹரிக்கேன் என்னும் ஒற்றைச் சிறகுப் போர் விமானம் முதன்முறையாகப் பறந்தது. அரசாங்கத்தின் ஆணை வருமுன்னரே ஆயிரம் விமானங்களுக்கு வேண்டிய ஏற்பாடுகளை நிறுவனத்தார் 1936இல் தொடங்கிவிட்டனர். அன்று அவர்கள் காலம் தாழ்த்தியிருந்தால் 1940இல் இங்கிலாந்தின் நிலை என்னவாகியிருக்கும் என்று வரலாற்றறிஞர் பலர் எண்ணிப் பார்த்துள்ளனர். அவ்வாண்டு ஜெர்மானிய விமானங்கள் திரள் திரளாக வந்து குண்டு பொழிந்தபோது, எதிரி விமானங்களை மிகுதியாக வீழ்த்தியது ஹரிக்கேனே. எஃகுக் குழாய்ச் சட்டமும் துணிப் போர்வையும் கொண்ட அதனை எளிதில் செப்பனிட முடிந்தது. காலையில் துளைபட்ட விமானம் ஓட்டை அடைக்கப்பெற்று மீண்டும் வானேறியது. போர்க்காலம் முழுவதும் பதினாலாயிரத்துக்கு மேற்பட்ட ஹரிக்கேன்கள் செய்யப்பட்டன.

போருக்குப்பின் ஜெட் விமானங்களின் காலம் பிறந்தது. கடற்படைக்கென ஸீ ஹாக், விமானப் படைக்கென ஹண்டர் ஆகியவற்றைக் காம் படைத்தார். 1953இல் அவருக்கு ‘சர்’ பட்டம் வழங்கப்பட்டது. அதே ஆண்டு ஹண்டர் விமானம் மணிக்கு 1,170 கிலோமீட்டர் வேகத்தில் பறந்து உலகச் சாதனை படைத்தது. அறுபது வயதில் இத்தனை புகழும் எய்திய ஒருவர் ஓய்வு பெற்று அமர்ந்திருக்கலாம்.

ஆனால் 1957இல் ஓர் இடி விழுந்தது. இனி வரும் போர்களை ஏவுகணைகளே நடத்தும். விமானி ஏறிச் செல்லும் போர் விமானங்களுக்குப் பெரும்பாலும் தேவை இராது என்று பிரிட்டிஷ் அரசாங்கம் தன் பாதுகாப்புக் கொள்கையை வெளியிட்டது. காம் அப்போது உருவாக்கிக்கொண்டிருந்த புதிய போர் விமானம் கைவிடப்பட்டது. வாழ்நாள் முழுதும் ஒருவர் செய்துவந்த தொழிலே தேவையில்லை என்று நாடு கூறிவிட்டால், அத்தொழிலாளி எங்கே போவார்? வரைபட அறையில் இருந்த நூற்றுக்கணக்கானோர்க்கு வேலை வேண்டும். இந்நிலையில் காம் பிரிஸ்டல் எஞ்சின் நிறுவனத்தின் தலைமைப் பொறியாளர் ஸ்டான்லி ஹுக்கருக்கு ஒரு கடிதம் எழுதினார். ஓடுபாதை வேண்டாது செங்குத்தாக எழும் விமானத்துக்கு ஏற்ற எஞ்சின் உண்டா என்பதே அக்கடிதத்தின் பொருள்.

அத்தகைய விமானத்துக்குத் தேவை என்ன? ஜெட் விமானம் எழுவதற்கு மிக நீண்ட ஓடுபாதை வேண்டும். அதன்மேல் எதிரி குண்டு வீசிப் பள்ளம் செய்துவிட்டால், நூறு விமானங்கள் இருந்தும் பயனில்லை; கூண்டில் அடைபட்ட பறவைகள் போல அவை நிற்கும். ஆதலால் நின்ற இடத்திலிருந்தே எழும் விமானத்தைப் படைக்கப் பல நாட்டவரும் முயன்றனர். சிலர் விமானத்தை வாலில் நிறுத்தி மேல்நோக்கி ஏவினர். அதில் எழுவது எளிது. மல்லாந்து கிடக்கும் விமானி தோளுக்குப் பின்னே தரையைத் திரும்பிப் பார்த்து இறங்குவதுதான் அரிது. வேறு சிலர், மேலே தூக்குவதற்கென்று தனி எஞ்சின்களையும் முன்னே செலுத்துவதற்கென்று மற்றொன்றையும் பொருத்தினர். எழுந்தபின் தூக்கும் எஞ்சின்கள் வீண் சுமையாயின. எடையை வெறுத்த காமுக்கு இம்முறை பிடித்திருக்குமா?

ஹுக்கரிடம் வேறொரு வழி இருந்தது. மிஷேல் விபோ என்னும் பிரெஞ்சுப் பொறியாளர், ஒரே எஞ்சினின் காற்றோட்டத்தைத் திசை திருப்பியே விமானத்தைத் தூக்கலாம் என்று 1956இல் ஒரு திட்டம் தந்திருந்தார். கார்டன் லூயிஸ் முதலிய பிரிஸ்டல் பொறியாளர்கள் அதனை எளிமையாக்கினர். காம் குழுவில் இருந்த ரால்ப் ஹூப்பர் அதற்கேற்ற விமானத்தை வரைந்தார். எஞ்சினின் முன்பக்க விசிறி தள்ளும் குளிர்காற்று இருபுறமும் உள்ள இரு குழல்வாய்களின் வழியே வெளிவரும். பின்புறம் வரும் வெங்காற்றையும் இரு கிளையாகப் பிரித்து மேலும் இரு குழல்வாய்களின் வழியே விடலாம் என்பது ஹூப்பரின் எண்ணம். காற்சட்டையின் இரு கால்கள் போலப் பிரியும் அத்தகைய குழாயைக் காமின் ஸீ ஹாக் விமானம் முன்னரே பெற்றிருந்தது குறிப்பிடத்தக்கது.

இந்நான்கு குழல்வாய்களும் ஒருங்கே சுழலும். அவை கீழ்நோக்கினால் விமானம் எழும். மெல்லப் பின்னோக்கித் திருப்பினால் முன்னே செல்லும். வேகம் கூடியதும் சிறகுகள் பாரத்தைத் தாங்கிக்கொள்ளும். இறங்கும்போது இதுவே தலைகீழாக நிகழும். விமானிக்குப் புதிதாக வேண்டியது இடக்கையருகே ஒரே ஒரு பிடி; அதனைக் கொண்டு குழல்வாய்களின் சாய்வை மாற்றுவார்.

கேட்பதற்கு எளிதாகத் தோன்றும் இதில் இடர்கள் பல. ஓடும் விமானத்தைச் சிறகுகள் தாங்குவதால், அதன் எஞ்சின் விசை எடையிற் பாதி இருந்தாலும் போதும். நின்றபடி எழும் விமானத்துக்கோ விசை எடையைவிட மிகுதியாக இருத்தல் வேண்டும். மேலும், காற்று பாயாதபோது சிறகிலும் வாலிலும் உள்ள மடல்கள் பயனற்றவை. அந்தரத்தில் நிற்கும் விமானம் சாய்ந்தால் அதனை எவ்வாறு நிமிர்த்துவது? எஞ்சினிலிருந்து அழுத்தக் காற்றைச் சிறு குழாய்களில் கொண்டுசென்று மூக்கு, வால், சிறகு நுனிகள் ஆகியவற்றின் வழியே பீச்சினர். தேவையான பக்கத்தில் காற்றைப் பீச்சி விமானி அதனை நிமிர்த்தினார். எஞ்சினுக்குள் சுழலும் பெரும் பாகங்கள் ஒரே திசையில் சுழன்றால் பம்பரம் போல விமானத்தைத் திருகிவிடும். அதற்காக அவ்விரு தொகுதிகளையும் ஒன்றுக்கொன்று எதிராகச் சுழலச் செய்தனர். தரையில் மோதி மேலெழும் வெங்காற்றை எஞ்சின் மீண்டும் உறிஞ்சினால் அதன் வலிமை குன்றிவிடும் என்பது மற்றோர் இடர்.

அரசாங்கமோ முதலிற் கைகொடுக்கவில்லை. எஞ்சின் செலவில் முக்கால் பங்கை அமெரிக்க உதவித் திட்டம் ஒன்று ஏற்றது. விமானத்தின் செலவை ஹாக்கர் நிறுவனமே தாங்கித் தொடங்கியது. பி.1127 என்னும் அவ்விமானத்துக்கு 1960இல்தான் பிரிட்டிஷ் அரசாங்கத்தின் ஒப்பந்தம் கிடைத்தது.

1960ஆம் ஆண்டு அக்டோபர் 21ஆம் நாள், டன்ஸ்போல்டு விமானத் தளத்தில், இரும்புக் கம்பித்தட்டு மூடிய ஒரு பள்ளத்தின்மேல் அவ்விமானம் நின்றது. எஞ்சின் விசைக்கும் விமானத்தின் எடைக்கும் வேறுபாடு மிகச் சிறிது. ஆகவே கழற்றத்தக்கவை அனைத்தையும் கழற்றிவிட்டனர். எரிபொருளும் சில நிமிடங்களுக்கே ஊற்றினர். ஆடு மேயக் கட்டுவதுபோல விமானத்தைக் கயிறுகளால் தரையோடு பிணைத்தனர். விமானி பில் பெட்போர்டு, கார் விபத்தில் முறிந்த காலில் மாவுக்கட்டுடன் ஏறி அமர்ந்தார். விமானம் தரையை விட்டு எழுந்தது. நவம்பர் 19ஆம் நாள் கயிறின்றியே அந்தரத்தில் நின்றது. 1961ஆம் ஆண்டு செப்டம்பர் 12ஆம் நாள், செங்குத்தாக எழுந்து, சிறகின் வலிமையால் பறந்து, மீண்டும் செங்குத்தாக இறங்கும் முழுச் சுற்றும் நிறைவேறியது.

இடையில் விபத்துகளும் நேர்ந்தன. 1961 டிசம்பரில் குழல்வாய் ஒன்று வானிலேயே கழன்று வீழ்ந்து ஒரு விமானம் அழிந்தது. 1963இல் பாரிஸ் கண்காட்சியில் பெருங்கூட்டத்தின் கண்முன் மற்றொன்று தரையில் வீழ்ந்தது. இரு முறையும் பெட்போர்டு உயிர் தப்பினார். அதே 1963ஆம் ஆண்டு பிப்ரவரியில் ஆர்க் ராயல் என்னும் போர்க்கப்பலின் தளத்தில் அவர் செங்குத்தாக இறங்கிக் காட்டியிருந்தார். அடுத்த வடிவத்துக்குக் கெஸ்ட்ரல் என்று பெயரிட்டனர். அது காற்றில் ஓரிடத்திலேயே சிறகடித்து நின்று இரை தேடும் ஒரு பறவையின் பெயர். இதைவிடப் பொருத்தமான பெயர் கிடைத்திராது. ஒலியினும் விரைந்து செல்லும் பெரியதொரு வடிவத்தையும் காம் குழுவினர் திட்டமிட்டனர். செலவைக் கருதி அரசாங்கம் 1965இல் அதனை நிறுத்திவிட்டது. முதியவர் மனம் புண்பட்டிருக்கும். ஆயினும் வேலை நிற்கவில்லை. எஞ்சியிருந்த சிறிய விமானத்தையே போருக்கேற்றவாறு வலுப்படுத்தத் தொடங்கினர். அதற்கு ஹாரியர், அதாவது பூனைப்பருந்து, என்று பெயர் சூட்டப்பட்டது.

1966ஆம் ஆண்டு மார்ச்சு 12ஆம் நாள் ரிச்மண்டு கால்ப் மைதானத்தில் விளையாடிக்கொண்டிருந்தபோது சிட்னி காம் உயிர் நீத்தார். அப்போது ஒலியின் வேகத்தைப்போல் நான்கு மடங்கு விரைந்து செல்லும் விமானம் ஒன்றைப்பற்றி அவர் எண்ணிக்கொண்டிருந்தார். ஹாரியர் முதன்முதலில் எழுந்தது அதே ஆண்டு ஆகஸ்டு 31ஆம் நாள். அவர் அதனைக் காணவில்லை.

1969இல் ஹாரியர் பிரிட்டிஷ் விமானப் படையிற் சேர்ந்தது. 1982இல் பாக்லாந்துத் தீவுகளுக்காக நடந்த போரில் கடற்படையின் ஸீ ஹாரியர்கள் இருபது எதிரி விமானங்களை வீழ்த்தின. வான் சண்டையில் அவற்றுள் ஒன்றும் வீழவில்லை. இந்தியக் கடற்படையின் விக்ராந்த் கப்பலில் காமின் ஸீ ஹாக் விமானங்கள் பணிபுரிந்து 1971ஆம் ஆண்டுப் போரில் பங்கு கொண்டன. அவை முதுமை எய்தியபோது அவற்றின் இடத்துக்கு 1983இல் ஸீ ஹாரியர்களே வந்தன. அவை விக்ராந்திலும் பின்னர் விராட் கப்பலிலும் இருந்து, 2016இல் கோவாவில் விடை பெற்றன. பின்னாளில் அமெரிக்கர் படைத்த எப்-35 பி என்னும் விமானம், முன்புறம் தனியே ஒரு தூக்கு விசிறியையும் பின்புறம் வளையும் குழாயையும் கொண்டு, ஒலியினும் விரைந்து செல்லவும் செங்குத்தாக இறங்கவும் வல்லதாயிற்று.

விண்ட்சரில் தேம்ஸ் ஆற்றங்கரைப் பூங்காவில் ஒரு ஹரிக்கேன் விமானத்தின் உருவத்தை 2012இல் நிறுவினர். அது ஆற்றின் இக்கரையில் நிற்கிறது. இளமையில் சிட்னி காம் மாதிரி விமானங்களைச் சுமந்துகொண்டு இரவில் நடந்து சென்ற ஈட்டன் அக்கரையில் இருக்கிறது.