கருவித் தொழிலுக்கு வித்திட்ட டாக்டர் ஹோமி பாபா

கோவண்டியிலிருந்து டிராம்பே பக்கம் செல்பவர்களுக்கு டாக்டர் ஹோமி பாபாவின் பெயர் புதிதல்ல. மலைக்கும் கடலுக்கும் நடுவே பரந்து கிடக்கும் அணு ஆராய்ச்சி மையம் அவர் பெயரைத் தாங்கி நிற்கிறது. அணு விஞ்ஞானி என்று அவரை உலகம் அறியும். இந்தியாவில் எலெக்ட்ரானிக்ஸ் கருவித் தொழில் வேரூன்ற வழி வகுத்தவர்களில் அவர் முதன்மையானவர் என்பது பலருக்குத் தெரியாது.

இளமை

1909 அக்டோபர் 30ந் தேதி, பம்பாயில் வசதியான பார்சி குடும்பத்தில் பாபா பிறந்தார். தந்தை வழக்கறிஞர். மகன் இங்கிலாந்தில் என்ஜினீயரிங் படித்துத் திரும்பி, ஜாம்ஷெட்பூர் டாட்டா இரும்பாலையில் சேர வேண்டும் என்பது குடும்பத்தாரின் ஆசை. 1927ல் கேம்பிரிட்ஜ் சென்ற பாபா, தந்தையின் விருப்பப்படி என்ஜினீயரிங்கில் முதல் வகுப்பில் தேறினார். பிறகு தம் மனம் நாடிய பௌதிகத்துக்கு மாறினார்.

1939ல் விடுமுறைக்குத் தாயகம் வந்திருந்தபோது உலகப் போர் மூண்டது. அதனால் திரும்பிச் செல்ல இயலாமல் பெங்களூர் இந்திய விஞ்ஞானக் கழகத்தில் சேர்ந்தார். அங்கே சர் சி.வி. ராமன் இருந்தார். விண்வெளியிலிருந்து வரும் காஸ்மிக் கதிர்களை ஆராய்ந்த பாபாவுக்கு, அந்தக் கதிர்களை எண்ணும் கருவிகள் இன்றியமையாதவை ஆயின.

1945ல் டாட்டா அடிப்படை ஆராய்ச்சி நிலையம் அவர் முயற்சியால் உருவாயிற்று. 1948ல் அணுசக்திக் கமிஷனின் தலைவரானார். 1954ல் டிராம்பேயில் அணுசக்தி நிலையத்துக்கு அடிகோலினார்.

வாங்குவதா, செய்வதா?

அணு உலை என்றால் யுரேனியம் மட்டும் போதாது. உலைக்குள் நடப்பதை நொடிக்கு நொடி அளந்து காட்டவும், ஆபத்து நேரும்போது உலையை உடனே நிறுத்தவும் எலெக்ட்ரானிக்ஸ் கருவிகள் வேண்டும். அவற்றை வெளிநாட்டில் விலைக்கு வாங்கிவிடலாம். ஆனால் பழுதானால் யார் பார்ப்பது? ஒரு சிறு பாகத்துக்காகக் கப்பல் வரும்வரை காத்திருப்பதா?

கருவியை வாங்கினால் கருவி மட்டுமே கிடைக்கும். செய்து பார்த்தால் கருவியோடு அதைச் செய்யத் தெரிந்த ஆட்களும் கிடைப்பார்கள். இந்த வழியைத்தான் பாபா தேர்ந்தெடுத்தார். ஆந்திரத்தைச் சேர்ந்த ஏ.எஸ். ராவின் தலைமையில் எலெக்ட்ரானிக்ஸ் பிரிவை வளர்த்தார்.

ஆசியாவின் முதல் அணு உலைகளில் ஒன்றான அப்சரா 1956 ஆகஸ்ட் 4ந் தேதி டிராம்பேயில் இயங்கத் தொடங்கியது. எரிபொருள் பிரிட்டனிலிருந்து வந்தது. கட்டுப்பாட்டுக் கருவிகளையோ ராவின் குழுவினரே செய்து தந்தார்கள்.

அதே காலத்தில் டாட்டா ஆராய்ச்சி நிலையத்தில், சென்னையில் பிறந்த ஆர். நரசிம்மன் தலைமையில் இளைஞர்கள் ஒரு கம்ப்யூட்டரையே உருவாக்கினார்கள். 1960ல் முழுமை பெற்ற அந்த இயந்திரத்தில் சுமார் 2,700 வால்வுகள் இருந்தன.

பலகைக்குள் இருக்கும் பாடம்

கம்பிப் பின்னலின் இடத்தைப் பிற்காலத்தில் சர்க்யூட் போர்டு பிடித்துக்கொண்டது. மின்சாரம் கடத்தாத பலகையில் மெல்லிய செம்புத் தகடு ஒட்டப்பட்டிருக்கும். வேண்டிய கோடுகளை அமிலத்தில் கரையாத மையால் மூடி, மற்றச் செம்பைக் கரைத்துவிடுவார்கள். எஞ்சிய கோடுகளே கம்பிகள். துளையிட்டு, பாகங்களைப் பொருத்தி, ஈயம் பற்றவைத்தால் பலகை தயார்.

கேட்பதற்கு எளிது. ஆனால் கோடு மெலிந்தால் சூடேறும். இரண்டு கோடுகள் மிக நெருங்கினால் கசிவு உண்டாகும். ஈயம் சரியாகப் பிடிக்காவிட்டால் கருவி இன்று ஓடும், நாளை நிற்கும். கதிர்களை அளக்கும் கருவியில் பாயும் மின்சாரம் மிகமிகச் சொற்பம். பலகையின் மேல் கை அழுக்கும் கடற்கரை ஈரமும் படிந்தால், அந்தக் கசிவே பொய்க் கணக்குக் காட்டிவிடும். ஆகவே பலகையைத் துடைத்துச் சுத்தம் செய்து, மேலே வார்னிஷ் பூச வேண்டியிருக்கிறது. புத்தகத்தில் படித்தால் மட்டும் இவை கைவருவதில்லை. செய்து, கெடுத்து, மறுபடி செய்து பழகினால்தான் வரும். இப்படிப் பழகிய கைகளைத்தான் பாபாவின் நிலையங்கள் நாட்டுக்குத் தந்தன.

காணாமற்போன பலன்

1962ல் சீனப் போர் மூண்டது. அடுத்த ஆண்டு ஆகஸ்டில், எலெக்ட்ரானிக்ஸ் துறையில் நாடு சொந்தக் காலில் நிற்க வழி காணும் கமிட்டிக்கு பாபாவை அரசு தலைவராக்கியது. விக்ரம் சாராபாய், எஸ். பகவந்தம், ஏ.எஸ். ராவ் ஆகியோர் உடனிருந்தனர்.

அறிக்கை 1966ல் வெளிவந்தபோது பாபா உயிரோடு இல்லை. அந்த ஆண்டு ஜனவரி 24ந் தேதி, அவர் சென்ற ஏர் இந்தியா விமானம் ஆல்ப்ஸ் மலைத்தொடரின் மான்ட் பிளாங்க் சிகரத்தில் மோதி நொறுங்கியது. விமானத்தில் இருந்த 117 பேரும் மாண்டனர். பாபாவுக்கு அப்போது வயது 56.

1967 ஜனவரியில் டிராம்பே நிலையத்துக்கு அவர் பெயர் சூட்டப்பட்டது. அதே ஆண்டு ஏப்ரலில், டிராம்பேயில் பழகிய கைத்திறனை மூலதனமாகக் கொண்டு, ஐதராபாத்தில் இந்திய எலெக்ட்ரானிக்ஸ் கார்ப்பொரேஷன் பிறந்தது. அதை நடத்த முன்வந்தவர் அதே ஏ.எஸ். ராவ்தான். அப்சராவுக்குக் கருவி செய்யப் பழகியவர்களின் அனுபவம், நாட்டின் மற்ற அணு உலைகளுக்கும் கருவி செய்து தரும் ஆலையாக வளர்ந்தது. விதைத்தவர் அறுவடையைப் பார்க்கவில்லை. ஆனால் விதை வீண்போகவில்லை.