துகள்மழை கண்ட பேரறிஞர் பியேர் ஓஜே

வானினின்று பொழிவது நீர்மழை ஒன்றே என எண்ணுகின்றோம். கண்ணுக்குப் புலனாகாத பிறிதொரு மழையும் இரவும் பகலும் நம்மீது பொழிந்தவண்ணம் உளது. அதன் பரப்பையும் ஆற்றலையும் அளந்து காட்டியவர் பிரெஞ்சு நாட்டுப் பௌதிக அறிஞர் பியேர் ஓஜே என்பார்.

இவர் 1899-ஆம் ஆண்டு மே மாதம் 14-ஆம் நாள் பாரிஸ் மாநகரிற் பிறந்தார். அந்நகரத்து எக்கோல் நார்மல் என்னும் உயர்கலைக் கழகத்திற் பயின்றார். அணுக்கள் மின்னணுக்களை உமிழும் இயல்பொன்றை இளமையிலேயே ஆராய்ந்து வெளியிட்டார். லீசே மைட்னர் அம்மையார் சற்று முன்னரே அதனைக் கண்டிருந்தாராயினும், அது ஓஜேயின் பெயராலேயே வழங்கலாயிற்று.

பின்னர் இவர் உள்ளம் விண்ணினின்று வரும் அண்டக் கதிர்களிற் சென்றது. 1938-ஆம் ஆண்டில், ரோலான் மாஸ் என்பாருடன் கூடி, துகள் எண்ணும் கருவிகளைத் தனித்தனியே விலக்கி வைத்தார். துகள் புகுந்தால் கருவியில் மின்துடிப்பு எழும். விலகி நிற்கும் கருவிகள் ஒரே கணத்தில் துடித்தல் தற்செயலாயின் மிக அரிதாகவே நிகழ்தல் வேண்டும். ஆனால் அவை அடிக்கடி ஒருங்கு துடித்தன. இத்தாலிய அறிஞர் புரூனோ ரொஸ்ஸியும் 1934-இல் இத்தகைய குறியொன்றைக் கண்டிருந்தார். கருவிப்பிழை என்று இதனை எளிதில் ஒதுக்கியிருக்கலாம். ஓஜே ஒதுக்கினாரல்லர். கருவிகளை மேலும் மேலும் விலக்கினார். ஸ்விட்சர்லாந்தில் ஏறத்தாழ 3,500 மீட்டர் உயரமுள்ள யுங்பிரௌயோக் மலைக்கும் கொண்டு சென்றார். இடைவெளி 300 மீட்டர் ஆகியும் அவை ஒருங்கே துடித்தன.

ஒரு துகள் காற்றின் அணுவில் மோதிப் பல துகள்களைப் பிறப்பிக்க, அவையும் மோதிப் பெருகி, மழையாய் நிலத்தில் விழுகின்றன என்று அவர் தெளிந்தார். தாய்த்துகளின் ஆற்றல் 10 கோடி கோடி மின்னணு வோல்ட் எனவும் கணித்தார்.

போர் மூண்டபின், 1941-இல் தாயகம் நீங்கி, சுதந்திர பிரெஞ்சு அணியைச் சேர்ந்து, அமெரிக்காவிலும் கனடாவிலும் உழைத்தார். 1948 முதல் 1959 வரை யுனெஸ்கோவின் விஞ்ஞானப் பகுதிக்குத் தலைமை பூண்டு, ஐரோப்பிய அணு ஆராய்ச்சிக் கழகம் தோன்றத் துணைநின்றார். 1993-ஆம் ஆண்டு டிசம்பர் 25-ஆம் நாள் பாரிஸில் மறைந்தார்.

அவர் கண்ட வழி இன்று காமாக் கதிர்களைத் தேட உதவுகின்றது. மின்னேற்றமுடைய துகள்கள் காந்தப் புலங்களால் வளைந்து தம் பிறப்பிடத்தை மறைத்துவிடும். காமாக் கதிரோ நேரே வந்து அதனைக் காட்டும். பேராற்றல் வாய்ந்த காமாக் கதிர்கள் மிக அரியன. விண்கலத்தின் சிறு கருவியில் அகப்படல் அரிது. ஆதலின் பரந்த நிலத்திற் கருவிகளைப் பரப்பி, அவை எழுப்பும் துகள்மழையை ஏற்கின்றனர். கருவிகள் துடிக்கும் நுண்ணிய கால வேற்றுமையால் கதிர் வந்த திசை புலனாகும். மியூவான் என்னும் துகள்கள் குறைந்திருப்பின் அது காமாவின் மழை எனத் துணியலாம். சீனத்துச் சிசுவான் மலைமீது 4,410 மீட்டர் உயரத்திலுள்ள இத்தகைய கருவிக்கூட்டம், 14 கோடி கோடி மின்னணு வோல்ட் ஆற்றலுள்ள காமாக் கதிரையும், இத்தகு பேராற்றற் கதிர்கள் வரும் 12 இடங்களையும் கண்டதாக 2021-இல் அறிவித்தது. நம் உதகமண்டலத்திலும் துகள்மழை காணும் கருவிக்கூட்டம் உண்டு. அர்ஜென்டினாவில் 3,000 சதுரக் கிலோமீட்டர் பரந்த ஆய்வுக்களம் ஓஜேயின் பெயரையே தாங்கி நிற்கின்றது.

இரு கருவிகள் ஒருங்கு துடித்தமை சிறு நிகழ்ச்சியே. அதனைத் தற்செயலென்று தள்ளாது, தொலைவை மிகுத்து மிகுத்து வினவிய பொறுமையன்றோ விண்ணை அறியப் புதிய வாயிலைத் திறந்தது! கற்கும் நமக்கு அவர் விட்டுச் சென்ற செல்வம் அப்பொறுமையே.