6,218 பழங்காசுகள் சேர்த்த மெக்கன்சி துரை

தாம்பரம், பல்லாவரம் பக்கத்துப் பழைய வீடுகளில் பரணைச் சுத்தம் செய்யும்போது சில சமயம் ஒரு தகரப் பெட்டி கிடைக்கும். திறந்து பார்த்தால் உள்ளே களிம்பு ஏறிய பழைய காசுகள்! வீட்டில் உள்ளவர்கள் எல்லோரும் கூடி விடுவார்கள். இது எவ்வளவு பெறும் என்பதே முதல் கேள்வியாக இருக்கும்.

இதே கேள்வி கிழக்கிந்தியக் கம்பெனிக்கும் ஒரு முறை வந்தது. ஆனால் அங்கே இருந்தவை பத்து இருபது காசுகள் அல்ல. 6,218 காசுகள்! அவற்றோடு ஆயிரக்கணக்கான ஓலைச் சுவடிகளும் கல்வெட்டுப் பிரதிகளும் இருந்தன. சேர்த்தவர் உயிரோடு இல்லை. எது என்ன என்று எடுத்துச் சொல்லும் பட்டியலும் இல்லை.

அந்த மனிதர்தான் கர்னல் காலின் மெக்கன்சி.

கணக்கைத் தேடி வந்தவர்

மெக்கன்சி 1754-ஆம் ஆண்டு ஸ்காட்லாந்தை ஒட்டிய லூயிஸ் தீவில், ஸ்டோர்னோவே என்ற ஊரில் பிறந்தார். இளமையில் சுங்க இலாகாவில் வேலை பார்த்தார். கணிதத்தில் அவருக்கு அளவு கடந்த ஆசை. மடக்கைக் கணக்கைக் கண்டுபிடித்த ஜான் நேப்பியரின் வம்சத்தினர் அவரை ஆதரித்தார்கள். இந்துக்களின் கணித முறைகளைப் பற்றி விசாரிக்கும் வேலையும் அவர்கள் மூலம் அவருக்கு வந்தது.

1783-ஆம் ஆண்டு கம்பெனிப் பட்டாளத்தில் சேர்ந்து சென்னைக்கு வந்தார். நேப்பியர் வம்சத்துப் பெண் ஒருவர் அப்போது மதுரையில் குடியிருந்தார். அவர் வீட்டுக்குப் போன மெக்கன்சி, அங்கே பண்டிதர்களைச் சந்தித்தார். இந்த நாட்டின் பழைய சரித்திரத்தில் அவருக்கு ஆசை பிறந்தது அங்கேதான்.

ஆனால் பட்டாளக்காரருக்கு ஓய்வு ஏது? திப்பு சுல்தானோடு யுத்தம், புதுச்சேரி முற்றுகை, இலங்கைப் படையெடுப்பு. இப்படியே 13 ஆண்டுகள் ஓடி விட்டன. சேகரிப்பு வேலை பெரிதாக நடக்கவில்லை.

கண்ணாக வந்த இளைஞர்

1796-ஆம் ஆண்டு இலங்கையிலிருந்து திரும்பிய பிறகு அவருக்கு ஓர் அரிய துணை கிடைத்தது. அவர்தான் காவலி வெங்கட போரய்யா என்ற தெலுங்கு இளைஞர். பல மொழிகள் அறிந்தவர். மெக்கன்சிக்கோ நம் நாட்டு மொழிகள் சரியாகத் தெரியாது. போரய்யாதான் அவருக்குக் கண்ணும் காதுமாக இருந்தார்.

1799-இல் திப்பு வீழ்ந்தார். மைசூர் நாட்டை அளந்து படம் வரையும் பொறுப்பு மெக்கன்சியிடம் வந்தது. அளக்க வேண்டிய நிலமோ சுமார் 40,000 சதுர மைல்!

அதே காலத்தில், 1802-ஆம் ஆண்டு, லாம்டன் என்ற மற்றொரு அதிகாரி நம் பரங்கிமலை அருகே தொடங்கிப் பெரும்பாக்கம் வரை ஏழரை மைல் நிலத்தைச் சங்கிலி போட்டு அளந்தார். இந்தியாவையே அளந்த பெரிய சர்வேக்கு அந்தக் கோடுதான் ஆரம்பம்.

லாம்டனின் கவனமெல்லாம் நிலத்தின் அளவில் இருந்தது. மெக்கன்சி அந்த நிலத்தின் கதையையும் கேட்டார். இந்த ஏரியை வெட்டியது யார்? இந்தக் கோவிலைக் கட்டியது யார்? வயலில் கிடைத்த இந்தக் காசு எந்த ராஜாவுடையது? போகிற ஊரில் எல்லாம் இந்தக் கேள்விகள்தான்.

போரய்யா 1803-இல் இளம் வயதிலேயே இறந்து போனார். மெக்கன்சிக்கு அது பேரிடி. போரய்யாவின் தம்பிகளான லட்சுமய்யாவும் ராமசாமியும் அண்ணன் விட்ட வேலையைத் தொடர்ந்தார்கள். வேறு பலரும் ஊர் ஊராகச் சென்று, கேட்டதையும் கண்டதையும் எழுதி அனுப்பினார்கள். புழல் கோட்டைக் குறும்பர்களைப் பற்றி நம் தொண்டை மண்டலத்து மக்கள் சொல்லி வந்த கதைகளும் இப்படித்தான் காகிதத்தில் ஏறின.

கைப்பணம் கரைந்தது

கம்பெனி சம்பளம் கொடுத்தது நிலம் அளப்பதற்குத்தான். காசும் சுவடியும் வாங்குவதற்குப் பெரும்பாலும் மெக்கன்சியின் சொந்தப் பணமே போயிற்று. 15,000 பவுனுக்கு மேல் அவர் செலவழித்தார் என்று அவருடைய நண்பர் சர் அலெக்சாண்டர் ஜான்ஸ்டன் பிற்காலத்தில் கூறினார். அந்தக் காலத்தில் அது ஒரு பெரிய சொத்து!

1810-இல் சென்னை மாகாண சர்வேயர் ஜெனரல் ஆனார். அடுத்த ஆண்டு ஜாவாத் தீவு யுத்தத்துக்குப் போனார். அங்கே பெட்ரனெல்லா என்ற டச்சுப் பெண்ணை மணந்தார். அப்போது அவருக்கு ஐம்பத்தெட்டு வயது இருக்கும்.

1815-இல் இந்தியா முழுமைக்கும் முதல் சர்வேயர் ஜெனரல் ஆனார். பெட்டிகளோடும் பண்டிதர்களோடும் கல்கத்தாவில் குடியேறினார். வேலையிலிருந்து ஓய்வு பெற்றதும் எல்லாவற்றையும் வரிசைப்படுத்திப் பட்டியல் எழுத வேண்டும் என்பது அவருடைய ஆசை.

ஆசை நிறைவேறவில்லை. 1821-ஆம் ஆண்டு மே 8-ந் தேதி, கல்கத்தா அருகே அவர் உயிர் பிரிந்தது. வங்காளத்து மண்ணிலேயே அவரை அடக்கம் செய்தார்கள்.

என்ன விலை?

கணவர் போட்ட பணம் எல்லாம் பெட்டிக்குள் இருந்தது. பெட்ரனெல்லா அந்தச் சேகரிப்பைக் கம்பெனியிடம் விற்றார். கம்பெனி கொடுத்தது ஒரு லட்சம் ரூபாய். அன்றைய கணக்கில் 10,000 பவுன். பணத்தை மட்டும் பார்த்தால், அது நஷ்ட வியாபாரம்தான்!

வில்சன் என்ற அறிஞர் பட்டியல் தயாரித்து 1828-இல் வெளியிட்டார். சுவடிகள் 1,568, கல்வெட்டுப் பிரதிகள் 8,076, காசுகள் 6,218. உள்ளே என்ன இருக்கிறது என்பது அப்போதுதான் உலகத்துக்குத் தெரிந்தது. காசுகள் இங்கிலாந்துக்குக் கப்பல் ஏறின. சுவடிகளில் பெரும் பகுதி சென்னைக்குத் திரும்பியது. அரசினர் கீழ்த்திசைச் சுவடி நூலகத்துக்கு அவைதான் அடிப்படை.

இதில் மனம் வருந்தும் செய்தி ஒன்றும் உண்டு. மெக்கன்சி தொடங்கிய வேலையைத் தானே நடத்துவதாக லட்சுமய்யா முன்வந்தார். ஆனால் இந்தியர் ஒருவரிடம் அவ்வளவு பெரிய பொறுப்பை ஒப்படைக்க அன்றைய வெள்ளைக்கார அறிஞர்களுக்கு மனம் வரவில்லை. பாதி வேலை செய்தவர்கள் அவர்கள். பெயர் மட்டும் துரைக்கு!

நம் வீட்டுப் பெட்டி

மெக்கன்சியின் கதை நமக்கு ஒன்றைச் சொல்லித் தருகிறது. மீன் பொறித்த காசு பாண்டியருடையது, புலி சோழருடையது, வில் சேரருடையது என்று படித்தவர்கள் சொல்லி விடுவார்கள். அது எந்த ஊரில், எந்த இடத்தில், எதனோடு கிடைத்தது என்பதைக் கண்டெடுத்தவர்தான் சொல்ல முடியும். பாண்டியன் காசு வெகு தூரத்து ஊரில் கிடைத்தால், அங்கே வியாபாரமோ படையோ போயிருக்க வேண்டும் அல்லவா? ஊர் பெயர் தெரியாத காசு பாதி ஊமை.

ஆகவே, பரணில் பழங்காசு கிடைத்தால் புளி போட்டுத் தேய்க்காதீர்கள். எழுத்தும் உருவமும் களிம்போடு போய் விடும். யாருடைய பெட்டி, எங்கிருந்து வந்தது என்று வீட்டுப் பெரியவர்களைக் கேட்டு ஒரு காகிதத்தில் எழுதி உள்ளே வையுங்கள். விலை பேசுவதற்கு முன் விஷயம் தெரிந்தவர்களிடம் காட்டுங்கள். எழும்பூர் அருங்காட்சியகத்தில் பழங்காசுகளைப் பார்க்கலாம்.

வீட்டுப் பெட்டி வேறு. மண்ணைத் தோண்டும்போது கிடைக்கும் புதையல் வேறு. பத்து ரூபாய்க்கு மேல் மதிப்புள்ள புதையலைக் கலெக்டருக்குத் தெரிவிக்க வேண்டும் என்பது 1878-ஆம் ஆண்டுச் சட்டம்.

பெட்டி லட்சம் பெறலாம். ஒன்றுமே பெறாமலும் போகலாம். ஆனால் பாட்டியை உட்கார வைத்து அதன் கதையைக் கேட்பதற்குப் பைசா செலவில்லை. பாட்டி இருக்கும்போதே கேட்டு விடுங்கள்!